நாத்தனார் பெயரில் ஒரு பிரசவம்

லோகேஸ்வரியைக் கூண்டில் கண்ட அன்று எனக்கு வந்தது இரக்கம் அல்ல, கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் தமிழைச் சிங்களமாகவும் சிங்களத்தைத் தமிழாகவும் மாற்றிச் சொல்வது என் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து பதினெட்டு வருஷமாயிற்று. கசிப்புச் சாராயம், கத்திக்குத்து, காணித் தகராறு எல்லாம் என் வாயால் போய் வந்திருக்கின்றன. ஆனால் முன்பு அம்பிட்டியவில் என் வீட்டு முற்றம் கூட்டி, என் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நின்றவள் பிள்ளை கடத்திய வழக்கில் வந்து நிற்பாள் என்று யார் கண்டது?

பொலிஸ் அறிக்கை வழக்கம்போலச் சிங்களத்தில் இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு நேர்சரியிலிருந்து நாலு வயதுச் சஸ்மிதாவை, தாய் புஷ்பவதியின் அனுமதியில்லாமல் சந்தேகநபர் கொண்டுபோயிருக்கிறார். சந்தேகநபர் தாயின் தம்பி மனைவி. கலியாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை, வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர், பிள்ளை ஆசையால் செய்திருக்கிறார். கீழே லோகேஸ்வரியின் தமிழ்க் கையெழுத்து. வாசித்துக் காட்டினார்களா என்று நீதவான் அம்மா கேட்கச் சொன்னார், கேட்டேன். தலையை ஆட்டினாள். என்ன வாசித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது என்பது அந்த ஆட்டலிலேயே எனக்குத் தெரிந்தது. பதினாலு நாள் மறியல் சிறை. அதற்குப் பிறகு இரண்டு பேர் கையெழுத்து வைத்துப் பிணையில் எடுத்தார்கள்.

எனக்கு ஆறவில்லை. ஒரு தாயின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக இவளுக்கு எப்படி மனம் வந்தது? என் மனுசன் யோகேந்திரன், "உமக்கேன் தேவையில்லாத வேலை, வழக்கில் நிக்கிறவளின்ர வீட்டுக்குப் போகப்படாது" என்றார். அவர் சொன்னது சரி. சரியானதை அவர் சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அம்பிட்டியவுக்கு மேலே பஸ் திரும்பும் இடத்தில் இறங்கி, ஓட்டோவில் கொஞ்ச தூரம் போய், பிறகு நடக்க வேண்டும். மழை தூறலாகவும் இல்லை, பெருமழையாகவும் இல்லை, காலையிலிருந்து ஒரே அளவில் பெய்துகொண்டிருந்தது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான பழைய லயத்துச் சுவரில் மலைச்சரிவு அறிவித்தல் ஒட்டியிருந்தது, அரைவாசி கிழிந்துபோய். எழும்பிப் போகச் சொல்லி எழுதியிருந்தது. எங்கே போவது என்று எழுதியிருக்கவில்லை. அதற்கு அப்பால், சரிவு இல்லாத பக்கத்தில், பூசாத கல் சுவரோடு இரண்டு அறை வீடு. அதுதான் லோகேஸ் குவைத்தில் வேலை செய்து கட்டியது.

அவள் வீட்டில் இல்லை. புருஷன் அழகர்தான் இருந்தார். கண்டிச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறவர், நல்ல மனிதர், எதற்கும் "சரிங்க" சொல்கிறவர். துடைத்த கதிரையை இன்னொரு தரம் துடைத்துப் போட்டார். லோகேஸ் கைக்காசு மலைக்குப் போயிருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமையில் எடுக்கிற தேயிலைக் கொழுந்துக்கு அன்றைக்கே கூலி. மத்தியானம் இறங்கி வந்தாள். படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, தலையில் பொலித்தீன் கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் வாசலில் குந்தி, காலில் ஏறியிருந்த அட்டைகளுக்கு உப்புப் போட்டுத் தட்டினாள். ஏழு அட்டை. இரத்தம் நிற்கச் சுண்ணாம்பு வைத்துவிட்டு, கை கழுவி, எனக்கு ரொட்டி சுடப் போனாள்.

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தேங்காய்ப்பூ போட்ட மாவைத் தட்டையாகத் தட்டித் தகரத்தில் போட்டாள், கட்டைச் சம்பல் இடித்தாள், பால் இல்லாத சாயத்தண்ணி ஊற்றினாள். பசியோ என்னவோ, இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டு ஏசுவது மரியாதை இல்லை என்று தெரிந்தும் ஏசினேன்.

"பெத்தவள் ஒருத்தி அங்க துடிப்பாள் எண்டு உனக்குத் தெரியேல்லையே? ஏன் இப்பிடிச் செய்தனீ?"

அழகர் எழுந்து மழைக்குள் போய் நின்றார்.

"அது எம்புள்ள மிஸ்," என்றாள்.

"அன்பு வைச்சா உன்ர பிள்ளை ஆயிடுமே?"

"அன்பு வச்சதுனால இல்ல மிஸ். நாந்தான் பெத்தேன்."

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, தகரத்தைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. எனக்கு நம்ப முடியாமல் இரண்டு மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அதையே சொன்னாள்.

மலைச்சரிவு நோட்டீஸ் ஒட்டிய வருஷம் அவள் குவைத்துக்குப் போக முடிவெடுத்தாள். திகனயில் ரபீகா என்று ஒரு பெண், மூன்று தரம் அரபு நாடு போய் வந்தவள், ஆட்களை அனுப்புகிற வேலை செய்கிறாள். அவளிடம் போய்ப் பேசிவிட்டு வந்த கிழமையில்தான் வயிற்றில் மூன்று மாதம் என்று தெரிந்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது, அதுதான் சட்டம். கிராமசேவகர் எழுதிக் கொடுக்க வேண்டும், எங்கே பிள்ளை, யார் பார்ப்பது என்று. தகப்பன் போனால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அழகர் நாளைக்கே போகலாம். ஆனால் மூட்டை தூக்க மட்டும் தெரிந்த மனிதரை எந்த நாடு கூப்பிடுகிறது? ரபீகா பிள்ளைக்கு ஐந்து வயதாகட்டும், அதற்குப் பிறகு வா என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஐந்து வருஷம் மலை பார்த்துக்கொண்டிருக்குமா? அந்த வருஷ மழைக்கு இரண்டு லயம் தள்ளி ஒரு குசினி அப்படியே கீழே போனது.

அப்போதுதான் அழகரின் அக்கா புஷ்பம், பொலிஸ் அறிக்கையில் தாய் என்று இருந்த அதே புஷ்பவதி, ஒரு வழி சொன்னாள். அவள் புருஷன் ரவிகுமார் கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடையில் வேலை. பாலத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ஒன்பது வருஷமாகப் பிள்ளையில்லை. என் பெயரில் பெற்றுக்கொள், நீ போய் வரும்வரை நான் வளர்க்கிறேன் என்றாளாம். உதவிக்குத்தான் சொன்னாள், லோகேஸ் இன்றைக்கும் அதை அப்படித்தான் சொல்கிறாள். வயிறு தெரிய முதல் லோகேஸ் அங்கே போய்விட்டாள். அந்தப் பகுதி மிட்வைஃப் புஷ்பவதி என்றே கிளினிக் காட் எழுதினாள். மாதா மாதம் புஷ்பவதியாகப் போய் நிறை பார்த்து, ஊசி போட்டு, புஷ்பவதியின் அடையாள அட்டையைக் காட்டிப் புஷ்பவதியாகவே ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

"அட்டையில இருக்கிற படத்த ஒருத்தரும் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"யாரு மிஸ் பாக்கிறா? ரெண்டு பேரும் கறுப்பு, ரெண்டு பேரும் ஒல்லி, தோட்டத்து ஆளுங்க. 'நம மொகத'ன்னு கேட்டாங்க, புஷ்பவதின்னேன். எழுதிக்கிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாங்க. வலி வந்தப்போ ஒரே பயம், என் பேரச் சொல்லிக் கத்திருவேனோன்னு. யாரும் அவங்க பேரச் சொல்லிக் கத்த மாட்டாங்கன்னு அந்த நேரம் புத்தியில வரல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த பிள்ளையின் கையில் புஷ்பவதியின் பெயர் எழுதிக் கட்டினார்கள். புஷ்பம், லோகேஸ்வரி என்ற பெயரில், மதினியைப் பார்க்க வந்தவளாகச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். ரவிகுமார் போய்ப் பதிந்தார். தகப்பன் ரவிகுமார், தாய் புஷ்பவதி.

"பேப்பர்தானேன்னு நெனச்சோம் மிஸ்," என்றாள். நான் இத்தனை வருஷமும் பேப்பரால் சோறு தின்கிறவள்.

ஆறு மாதம் பால் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். ஏறக்குறைய சஸ்மிதாவின் வயது. குளிக்க வார்த்து, ஊட்டி, நித்திரையாக்கி, இரவில் போனில் தன் பிள்ளையைப் பார்ப்பாள். இரண்டு வருஷம் என்றுதான் போனாள். கொரோனா வந்து, விமானம் நின்று, மூன்றரை வருஷமாகிவிட்டது. திரும்பி வந்து கட்டுகஸ்தோட்டை வீட்டு வாசலில் நின்றபோது பிள்ளை புஷ்பத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அத்த வந்திருக்காங்க" என்றதாம். அழகரை மாமா என்றுதான் கூப்பிடுகிறது. முறைக்கு அது சரிதானே, பேப்பர்ப்படி.

பழகட்டும் என்றாள் புஷ்பம். பொங்கல் முடியட்டும் என்றாள். பிறகு நேர்சரியில் சேர்த்தாயிற்று, ஒரு தவணை போகட்டும் என்றாள். லோகேஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறிப் போய் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்றைக்கு ஒரு புதன்கிழமை. டவுனுக்குப் போனவள் மனம் கேட்காமல் நேர்சரிக்குப் போனாள். முன்பு புஷ்பத்தோடு வந்தவள்தானே என்று டீச்சர் பிள்ளையை அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் மடியில் உட்கார்ந்த பிள்ளை கண்டி வர முதல் தூங்கிவிட்டது. அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்து, சுடுதண்ணி வைத்துக் குளிக்க வார்த்து, ரொட்டி கொடுத்தாளாம். நாலு மணிக்குப் பிள்ளை கேட்டது, "அம்மா எப்ப வருவாங்க அத்த?" அடுத்த நாள் காலையில் தானே கொண்டுபோய் விடுவதாக இருந்தாள். புஷ்பத்துக்குப் போன் எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை, மழைக்கு இந்த மலையில் சிக்னல் வராது.

அதற்குள் ரவிகுமார் ஒரு வேலை பார்த்துவிட்டார். நம் ஆட்கள் குடும்பச் சண்டைக்குப் பொலிசுக்குப் போவார்கள், சும்மா ஒரு என்ட்ரி போடுவார்கள், பொலிஸ் கூப்பிட்டு இரண்டு ஏச்சு ஏசி அனுப்பும், அடுத்த நாள் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதே நினைப்பில் போய், பிள்ளையைக் காணவில்லை, மச்சினன் பெண்சாதி கொண்டு போயிருப்பாள் என்று எழுதிவிட்டார். பிள்ளை கடத்தல் என்று எழுதினால் எழுதியதுதான், வாபஸ் இல்லை. அது அவருக்குத் தெரியாது. பின்னேரம் ஜீப் வந்தது. லோகேஸ் பொலிசில் "எம்புள்ள, எம்புள்ள" என்று சொன்னாளாம். எழுதியவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். பாவம், பிள்ளையில்லாதவள் என்று விளங்கிக்கொண்டு, அவர் நல்லெண்ணத்தோடேயே எழுதியிருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அழகர், "அக்கா" என்றார். அவள்தான் புஷ்பம். பிள்ளையைப் புருஷனோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் யாரென்று சொன்னதும் என் காலில் விழப் பார்த்தாள். எழும்பு, இது என்ன பழக்கம் என்று ஏசினேன்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்கள். நான் சட்டம் சொன்னேன். வேறு என்ன எனக்குத் தெரியும்? லோகேஸ் உண்மையைச் சொன்னால் மரபணுப் பரிசோதனை கேட்கலாம், பிள்ளை அவளுடையது என்று வரும். வந்தவுடன் ஆள்மாறாட்டம், பொய்ப் பதிவு, பொய்யான தகவல் கொடுத்து வெளிநாடு போனது. லோகேஸ், புஷ்பம், ரவிகுமார் மூவரும் எதிரிக் கூண்டில் நிற்க வேண்டும். வழக்கு முடிய வருஷங்கள் ஆகும். அதுவரை பிள்ளையை இவர்கள் ஒருவரிடமும் விட மாட்டார்கள், நன்னடத்தை அதிகாரிகள் சிறுவர் இல்லத்துக்குக் கொண்டு போவார்கள். அப்படிப் போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தமிழ் பேச ஆளில்லாத இல்லங்களில் ஒரு வருஷத்தில் தமிழே மறந்துபோகும். குற்றத்தை ஒப்புக்கொண்டால், முதல் குற்றம் என்பதால், சிறைத் தண்டனையை ஒத்திவைத்து வீட்டுக்கு விட்டுவிடக்கூடும். பிள்ளை புஷ்பத்தோடு இருக்கும். ஆனால் லோகேஸ் கிட்டப் போகக்கூடாது என்று கட்டளை வரும். சட்டத்தரணியும் இதையேதான் சொன்னாராம்.

"அண்ணி, அஞ்சு வருஷத்துக்கு நான் தூரத்துல நின்னுகூடப் பாக்கக் கூடாதாம்," என்றாள் லோகேஸ், முதல் தடவையாகப் புஷ்பத்தைப் பார்த்து.

"நான் என்ன செய்ய லோகேஸ்? எனக்கும் தூக்கமில்ல," என்றாள் புஷ்பம். "அதுக்கு டெங்கு வந்தப்போ எட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல தரையில படுத்தேன். உங்கிட்ட சொல்லல, நீ அங்க கெடந்து அழுவன்னு. இப்ப அத இல்லத்துல போட்டா அது செத்துரும். நானும் செத்துருவேன்."

"அப்ப நானு?"

புஷ்பம் குடையை ஓரமாக வைத்துவிட்டு, "புள்ள எல்லார்கிட்டயும் அத்த எங்கன்னு கேக்குது," என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். லோகேஸ் எழுந்து, மீதி மாவைத் தட்டி, நாத்தனாருக்கு ரொட்டி போட்டாள். அவளும் சாப்பிட்டாள். நான் எழும்பி வந்துவிட்டேன். இறக்கத்தில் வரும்போது அழுதேன், யாரும் இல்லைத்தானே.

இரண்டு கிழமை கழித்து வழக்கு. உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று உத்தியோகம் ஏற்கிற அன்றே சத்தியம் பண்ணியவள் நான். இந்த வழக்கில் எனக்கு ஆளைத் தெரியும், வேறு ஒருவரைப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் நீதிமன்றத்தில் வேறு ஒருவர் இல்லை. சொன்னால் வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளித் தவணை போடுவார்கள், அவ்வளவுதான். சொல்லவில்லை. அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்கு அன்று காலைவரை தெரியாது. அழகரிடமும் சொல்லவில்லையாம்.

கூண்டில் ஏறி நின்றாள். குவைத்திலிருந்து கொண்டுவந்த நீலச் சட்டை, நன்றாக அயன் பண்ணியிருந்தது. புஷ்பம் பின்வரிசை வாங்கில், முறைப்பாட்டுக்காரர் பக்கத்தில், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டது. நான் தமிழில் சொன்னேன். புஷ்பவதி என்பவரின் சட்டபூர்வமான பாதுகாப்பில் இருந்த அவரது மகளை அவரது சம்மதமின்றி எடுத்துச் சென்றமை. நீர் குற்றவாளியா, இல்லை குற்றமற்ற சுற்றவாளியா?

உண்மையைச் சொல்லமாட்டாளா என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. சொல்லிவிடுவாளோ என்று பயமும் இருந்தது.

"குற்றவாளி," என்றாள்.

சிங்களத்தில் சொன்னேன். நீதவான் அம்மா பேனையை எடுக்கவில்லை. நல்ல மனுசி, எங்கள் பெண்களிடம் அவசரப்பட மாட்டார். விளங்கித்தான் சொல்கிறாரா, யாருடைய பிள்ளை என்று கேளுங்கள் என்றார்.

"யாருடைய பிள்ளை?"

"அண்ணியோட புள்ளங்க."

சொன்னேன்.

"உமக்குப் பிள்ளைகள் உண்டா?" தண்டனை குறைக்கிறதற்காகத்தான் அதைக் கேட்பார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற தாய் என்றால் கொஞ்சம் இரங்கலாம். அவளுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் வேறு பதில் இல்லை.

"இல்லங்க," என்றாள்.

சிங்களத்தில் அது ஒரு சின்னச் சொல். சொல்லிவிட்டேன். நீதவான் அம்மா எழுதினார். இரண்டு வருஷச் சிறை, ஏழு வருஷத்துக்கு ஒத்திவைப்பு. ஐந்து வருஷத்துக்குப் பிள்ளையையோ, பிள்ளையின் வீட்டையோ, பள்ளியையோ நெருங்கக்கூடாது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வழக்குக் கோவையை மூடப்போன நீதவான் அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், எனக்குத் தெரியும். அமைதியாகத்தான் பேசினார், புத்தி சொல்கிறமாதிரி. பேசி முடித்து, சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

நான் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

"நீ ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் இன்னொரு தாய்க்கு இப்படிச் செய்திருக்கமாட்டாய். பிள்ளை வலி உனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தாய் என்றபடியால்தான் இந்த முறை உன்னை வீட்டுக்கு விடுகிறேன். விளங்கியதா?"

பின் வாங்கில் புஷ்பம் விம்மினாள். முறைப்பாட்டுக்காரி அழுகிறாள் என்று ஒரு பொலிஸ்காரர் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். லோகேஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, நேராக நின்றாள்.

"வெளங்கிச்சுன்னு சொல்லுங்க மிஸ்," என்றாள். "தெரியாமத்தான் செஞ்சேன்னு சொல்லுங்க."

அதையும் சிங்களத்தில் சொன்னேன்.